கண்ணாடி இழை

கடப்பாரை இறங்கிய இடத்தில் கல் இல்லை, வேரும் இல்லை. கறுப்பு ஒயர் ஒன்று அறுந்து மண்ணில் கிடந்தது.

நாராயணவனத்தில் புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்த செங்கல்வராயன் நிமிர்வதற்குள், பக்கத்து வீட்டுப் பிரேமலதா வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள்.

திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் திட்டவில்லை.

“நெட்டு நின்னுபோச்சுபா. எம்பொண்ணு மஸ்கட்ல ஆஸ்பத்திரியில கீறா. மொதல் பிரசவம். நம்மூரு நேரம் பதினோரு மணிக்கு ஆபரேசன்னு இப்பத்தான் சொன்னாங்க.”

மணி ஒன்பதரை.

“போன்ல பேசிடலாமேம்மா?”

“இங்க டவர் சரியாக் கெடைக்காது. பேச்சு மட்டுந்தான் போவும், படம் வராது.”

அது போதாதா என்று அவன் கேட்க நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

புத்தூரிலிருந்து கேபிள்காரன் பவன்குமார் பைக்கில் வந்து சேர்ந்தபோது பத்தே கால். குழிக்குள் இறங்கிக் கறுப்புத் தோலை உரித்தான். உள்ளே ஒரு வெள்ளைத் தோல். அதையும் உரித்தான். தலைமயிரை விட மெல்லிசாக ஏதோ ஒன்று வெயிலில் மினுக்கென்றது.

“இன்னாபா இது, நரம்பா?”

“கண்ணாடிண்ணா. இதுக்குள்ள வெளிச்சம் ஓடிக்கினு இருக்கும். அந்த வெளிச்சத்துலதான் படம் வருது, பேச்சு வருது, எல்லாம் வருது.”

இருபது வருடமாக மண்ணைத் தோண்டுகிறவன் செங்கல்வராயன். மண்ணுக்கடியில் தண்ணீர் ஓடும் என்று அவனுக்குத் தெரியும். வெளிச்சம் ஓடும் என்று யாரும் சொன்னதில்லை.

“தூசி பட்டா ஒட்டாதுண்ணா. துண்ட மறைப்பாப் புடிச்சிக்கோ.”

தோளில் கிடந்த துண்டை உதறாமல் மெல்ல எடுத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான்.

பவன்குமார் கொண்டுவந்த, இழை ஒட்டும் சின்ன மிஷினின் திரையில் அந்த இழையின் இரண்டு முனைகளும் தூண் பருமனுக்குத் தெரிந்தன. ஒன்றையொன்று நெருங்கின. ஒரு பொறி தெறித்தது. பிறகு ஒரே தூண். எங்கே அறுந்திருந்தது என்று தேடிப் பார்த்தும் தெரியவில்லை.

வீட்டுக்குள்ளே, நெட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. மணி பதினொன்றாக இன்னும் பத்து நிமிஷம்.

செங்கல்வராயன் ஜன்னலோரம் போய் நின்றான். மேஜையில் நிறுத்தியிருந்த போன் திரையில், ஆஸ்பத்திரி உடுப்போடு ஒரு பெண் படுத்திருந்தாள். கண்ணெல்லாம் அழுது வீங்கியிருந்தது. ஆனால் சத்தமே வரவில்லை. ஒட்டியது சரியாக ஒட்டவில்லையோ?

பிரேமலதா இரண்டு கைகளையும் தூக்கினாள்.

விரல்கள் மடங்கின, விரிந்தன, நெஞ்சைத் தொட்டன. திரையில் இருந்தவளின் விரல்களும் வேகவேகமாகப் பதில் சொல்லின. இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. ஒருமுறை சிரிக்கவும் சிரித்தாள்.

பிரேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“பொறந்ததுலேந்தே அவளுக்குக் காது கேக்காதுபா. உன்னப் பாத்துட்டா. யாருன்னு கேக்கறா.”

“இன்னாம்மா சொன்னீங்க?”

“கேபிள ஒட்டிக் குடுத்தவருன்னு சொன்னேன்.”

திரையில் இருந்தவள் விரல்நுனியை மோவாயில் வைத்து, நன்றி சொல்வதுபோல அவன் பக்கமாகக் கையை நீட்டினாள்.

மண் அப்பிய தன் இரண்டு கைகளையும் அவன் ஒருமுறை பார்த்தான். அப்படியே உயர்த்திக் காட்டினான்.