முஜாஹிதின் அக்கா

சொன்னபடி மூன்று மணிக்கு போன் அடித்தது. ஆமிர் சிரித்துக்கொண்டே எடுத்தான்.

"சொல்லுங்க ஆபா. சாப்ட்டீங்களா?"

மறுமுனையில் ஒரு பெண்குரல், தன் பெயர் நந்தினி என்றும், சென்னையில் ஒரு டேட்டா அனலிடிக்ஸ் கம்பெனியிலிருந்து பேசுவதாகவும், சாப்பிட்டாகிவிட்டது என்றும் சொன்னது.

நடிப்பு பிரமாதம் என்று ஆமிர் நினைத்துக்கொண்டான்.

முஜாஹித் நேற்றே எச்சரித்திருந்தான். இன்டர்வியூ பயிற்சிக்காக, பெங்களூரில் கட்டிக்கொடுத்த தன் அக்காவை வைத்துக் கேள்வி கேட்கப்போகிறானாம். ஆபா அசல் ஆபீசர் மாதிரியே பேசுவாள், ஏமாந்துவிடாதே என்றான். அவர்கள் வீட்டில் அக்காவை ஆபா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆமிர் அவள் குரலைக் கேட்டதில்லை.

ஆமிரும் முஜாஹித்தும் காட்பாடியில் எம்.பி.ஏ. கடைசி வருடம். கேம்பஸ் இன்டர்வியூ சீசன்.

ஆமிர் வகுப்பில் புலி. கேஸ் இன்டர்வியூ என்றால் மட்டும் பூனை. அதில் ஒரு கம்பெனியின் சிக்கலைச் சொல்லிக் கொஞ்சம் எண்களைக் கொடுப்பார்கள். நிதானமாகக் கேள்வி கேட்டுக் கேட்டுக் காரணத்தைப் பிடிக்க வேண்டும். எதிரே இருப்பவர் வேலை கொடுக்க வந்தவர் என்று தெரிந்ததுமே ஆமிருக்கு நாக்கு உலர்ந்துவிடும். ஒரு கேள்வியும் கேட்காமல், மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு வந்துவிடுவான்.

வந்த கம்பெனிகள் எல்லாம் அப்படித்தான் கைநழுவிப் போயின. மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. அந்த இன்டர்வியூ நாளைக்கு என்று பிளேஸ்மென்ட் கமிட்டியில் இருக்கும் முஜாஹித் சொல்லியிருந்தான்.

அதுவும் போனால் ஆம்பூரிலேயே, அப்பாவின் யூனிட்டில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறவர்களை மேய்க்க வேண்டியதுதான். அப்பாவுக்கு அதில் கொள்ளை சந்தோஷம். ஆமிருக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

இப்போதும் அந்த யூனிட்டில்தான் இருந்தான். வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்காக லீவு. ஷட்டரை முழுதாக இறக்கிவிட்டு, ஓடாத தையல் மிஷின்களுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

குரல் கேஸைச் சொன்னது. ஒரு ஷூ கம்பெனிக்குப் பல ஊர்களில் ஃபேக்டரி. அதில் ஒன்றில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை முழு உற்பத்தி, வெள்ளிக்கிழமை பூஜ்யம். கணக்குத் தப்பாக ஏறியிருக்கிறது என்று சொல்லி சாஃப்ட்வேர் அந்த எண்களைத் தானே மாற்றி வைத்துவிட்டது. மாற்றியது சரியா?

ஆமிருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

படுபாவி, எங்கள் ஊரையே கேஸாக்கியிருக்கிறான். வெள்ளி லீவு என்பது இந்தப் பக்கம் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்ததால்தானே நான் முந்திரிக்கொட்டை மாதிரி பதிலைச் சொல்வேன் என்று வலை விரித்திருக்கிறான்! விழ மாட்டேன்டா தோஸ்த்.

"இருங்க ஆபா, அவசரப்படுத்தாதீங்க. அந்த ஃபேக்டரி எந்த ஊரு?"

ஊர் பெயர் தகவலில் இல்லை என்றது குரல்.

வெள்ளிக்கிழமை ஆட்கள் வேலைக்கு வந்த பதிவு இருக்கிறதா என்று கேட்டான். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் வந்திருக்கிறார்கள். கரண்ட் எவ்வளவு ஓடியது? கொஞ்சம் ஓடியிருக்கிறது. லோடு ஏதாவது வெளியே போயிற்றா? இல்லை.

குரலில் இப்போது ஒரு சுறுசுறுப்பு தெரிந்தது. ஆட்களும் வந்து, கரண்டும் ஓடியிருக்கும்போது உற்பத்தி எப்படிப் பூஜ்யமாகும் என்று மடக்கியது.

ஆமிர் எழுந்து நடக்க ஆரம்பித்தான்.

"வந்தவங்க மெக்கானிக்குங்களா இருப்பாங்க ஆபா. லீவு நாள்லதான மிஷினுக்கு சர்வீஸ் பண்ண முடியும்? மத்த நாள்ல எவன் நிறுத்த உடுவான்? அவங்க இன்னா வேலைக்கு வந்தாங்கன்னு பாத்துட்டா முடிஞ்சுது."

எண்களில் தப்பில்லை, அவற்றை மாற்றியதுதான் தப்பு என்றான். எல்லா ஃபேக்டரிக்கும் ஞாயிறு லீவு என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லிக்கொடுத்தவரைத்தான் திருத்த வேண்டும், ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் லீவு நாளைக் கொடுங்கள் என்றான். இப்படிப் பேசுவது தனக்கே பிடித்திருந்தது. நிறுத்த மனமே வரவில்லை.

"மார்க் எவ்ளோ ஆபா? கம்மியா போட்டீங்கன்னா ஒத்துக்க மாட்டேன்."

மறுமுனை வாய்விட்டுச் சிரித்தது.

"ஆமிர், இப்ப சொல்லிடறேன். உங்க முஜாஹித் காலையில எனக்கு போன் பண்ணார். 'மேடம், அவன் உங்கள என் அக்கான்னு நெனச்சுப்பான், கேஸ் முடியற வரைக்கும் திருத்தாதீங்க'ன்னு கெஞ்சினார். கேஸ் முடிஞ்சிடுச்சு. நான் நந்தினியேதான். செவ்வாய்க்கிழமை சென்னைக்கு வாங்க, கடைசி ரவுண்டு என் டீமோடதான்."

பயம் வந்தது. வழக்கம்போல நாக்கு உலர்ந்தது. ஆனால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி எதுவும் மிச்சமில்லை.

தேங்க்ஸ் மேடம் என்று சொல்ல வாயெடுத்து, தேங்க்ஸ் ஆபா என்று உளறிவிட்டு போனை வைத்தான்.

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. முஜாஹித் கிடைத்தால் கழுத்தை நெரிப்பதா கட்டிக்கொள்வதா, அதுவும் தெரியவில்லை. ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினான்.

சொந்த ஊருக்குப் போக பேரணாம்பட்டு பஸ் ஏறிவிட்டேன் என்று மெசேஜ் போட்டிருந்த முஜாஹித், வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். ஜும்மாவுக்குப் போட்ட தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கண்ணை இறுக மூடி, இரண்டு கைகளையும் ஏந்தி, உதட்டுக்குள் எதையோ வேண்டிக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டும்படி வேர்த்திருந்தது.

ஷட்டர் சத்தம் கேட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

"அடிக்கறதா இருந்தா அப்புறமா அடிச்சிக்கோ. மொதல்ல சொல்லுடா... கேள்வி கேட்டியா?"