கிழிந்த வலையே போதும்

பாக்கியராஜின் பெண்சாதி ரோஸ்மேரிதான் இதை முதலில் எனக்குச் சொன்னாள். அறுபத்தி மூன்றாம் வருசத்துத் தவக்காலம். சிலுவைப்பாதை முடிந்து இருவரும் வீட்டுக்கு நடந்து கொண்டிருந்தோம்.

திண்டுக்கல்லில் எங்கள் தெரு ஆட்கள் ஒரு வாலிபால் கிளப் நடத்தினார்கள். சம்பளம் யாருக்கும் கிடையாது. மாதச் சந்தாவில்தான் பந்து, வலை எல்லாம். பணப்பெட்டி மிக்கேல்ராஜ் வாத்தியாரிடம் இருந்தது.

வேடசந்தூர்க்காரர்கள் போட்டிக்கு வர ஒரு வாரம்தான். வலையோ நைந்து கிழிந்துவிட்டது. அப்போது வெங்காய மண்டி முதலாளி, புது வலைக்குப் பணம் தருவதாகச் சொல்லியனுப்பினார். வாத்தியார் போனார். வெறுங்கையோடு வந்தார்.

"வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

பாக்கியராஜ் குதித்தான். "ஏன் வேணாம்? வெளியாள் பணம் வந்தா கணக்குக் கேப்பாங்கன்னு பயமா? சந்தாவுல கை வச்சிட்டீகளா, வாத்தியாரே?"

வாத்தியார் பெட்டிச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"இனிமே நீயே பாரு, அப்பு."

அதன் பிறகு தெருவில் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் பாக்கியராஜ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனான். செத்த நேரத்தில் திரும்பிவிட்டான்.

"எங்கலே பணம்?" என்றான் கூட ஆடும் உடையப்பன்.

"வேணாம்னு சொல்லிட்டேன்."

"நீயுமா! வாத்தியார் உனக்கும் பங்கு குடுத்துட்டாரா?"

"ஆமாலே, குடுத்தாரு. அப்படியே வச்சுக்க. கிழிஞ்ச வலையைத் தச்சுக் கட்டி ஆடுவோம். தோத்தா என்னைய ஏசு!"

நேரே வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"அந்தாளு சொன்னதை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே, வாத்தியாரே. இம்புட்டுப் பேச்சும் வாங்கிக்கிட்டு நின்னீகளே."

"சொன்னா நம்ம கூட ஆடுற அவன் காதுக்குப் போகும், அப்பு. தன்னாலதான் கிளப்புக்கு நட்டம்னு நாளைக்கே ஆட வராம நின்னுக்குவான்."

முதலாளி சொன்னது இதுதானாம்: "அம்புட்டுப் பேரும் ஒரே செம்புல தண்ணி குடிக்கிறீங்களாமே. அந்த ஒருத்தனுக்கு மட்டும் தனியாச் சிரட்டை வைங்க. எம்புட்டு வேணும்னாலும் தாரேன்."

"அந்தப் பணத்தை உங்க வெங்காயச் சாக்குலயே போட்டுத் தச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பாக்கியராஜ் வந்திருக்கிறான்.

அந்த ஒருவர் இன்றைக்கும் இந்த ஊரில்தான் இருக்கிறார். யாரென்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.