முன்வரிசைக்காரர்

“இத்தனை வருஷமா பாடம் நடத்துறவன் நான். எனக்கே ஏஐ கத்துத்தரப் போறீங்களா மேடம்?” பேராசிரியரின் குரல் எகிறியது.

அவள் அசரவில்லை. “உங்க பசங்க கட்டுரையையெல்லாம் அதுகிட்டதான் சார் எழுதி வாங்குறாங்க.”

“அப்போ தடை போடுங்க!”

“தடை போட்டா திருட்டுத்தனமா எழுதுவாங்க. அதுக்குப் பதிலா, அது சொல்றதுல எது நிஜம், எது புளுகுன்னு வகுப்புலயே பிரிச்சுப் பார்க்கச் சொல்லிக்கொடுங்க.”

“புளுகுமா? அப்புறம் எதுக்கு அது?”

“புளுகும். அதைப் பிடிக்கத்தான் சார் நீங்க வேணும்.”

“மன்னிச்சுக்கோங்க மேடம். நான் சொன்னது தப்பு.” குரல் சட்டென்று இறங்கியது.

அவள் உதட்டைப் பிதுக்கிய நேரம், கதவைத் திறந்துகொண்டு கணவர் வந்தார்.

“நாளைக்கு நீ எங்க காலேஜ் வாத்தியாருங்களுக்கு ஏஐ வகுப்பு எடுக்கணும். இப்போ யாரோட மல்லுக்கட்டுற?”

அவள் செல்போனைக் காட்டினாள். “ஏஐகூடத்தான். பேராசிரியர் மாதிரி பேசச் சொல்லி ஒத்திகை பார்த்தேன்.”

“எந்தப் பேராசிரியர்?”

“முன்வரிசையில உட்கார்ந்து என்னை மடக்கப் போறது நீங்கதானே? உங்களைப் பத்தி எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்துட்டேன். கோபம், குத்தல் எல்லாம் அச்சு அசலா வருது. ஒண்ணே ஒண்ணுதான் உங்களை மாதிரி வரமாட்டேங்குது.”

“என்னது?”

“தப்புன்னு தெரிஞ்சா உடனே மன்னிப்பு கேட்டுடுது.”