முக்ரால் எப்போது சாகும்?

தவறான விடைக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

சரியான விடைகள் வந்து குவிந்திருந்தன. அவற்றால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

'முக்ரால் எப்போது சாகும்?'

இதுதான் இணையத்தில் அவர் போட்ட புதிர்.

'சாகாது ப்ரோ.'

'இந்த கேம்ல எதுவுமே சாகாது. மயங்கும், அவ்வளவுதான்.'

'ஒன்பது பாகம் வந்தாச்சு. இதுகூடத் தெரியாம புதிர் போட வந்துட்டாரு.'

ப்ரோவுக்குத் தலை முழுக்க நரை. நாமக்கல்லில் இரும்புக் கடை. கல்லாவில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை முகத்தருகே வைத்துப் படிப்பார். கட்டுக்கம்பி வாங்க வருபவர்கள் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும்.

முக்ரால் ஒரு பிராணி. முதுகில் பாசி படிந்த கல், கீழே நாலு குட்டைக் கால். வீடியோ விளையாட்டுக்குள் காடுமேடெல்லாம் அலைந்து பிடித்து, தீனி போட்டு வளர்க்க வேண்டும். அப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. அவருடைய மகன் பிரகதீஷ் முதலில் பிடித்தது முக்ரால்தான்.

அப்போது அவன் மூன்றாம் வகுப்பு. கேம் பெட்டியை எடுத்தால் கீழே வைக்க மாட்டான். அதட்டிப் பார்த்தார். பிறகு ஒரு பொய் சொன்னார்.

"ஒன்பது மணிக்கு மேல விளையாண்டா முக்ரால் செத்துப்போயிரும் சாமி."

பையன் அன்றைக்கே ஒன்பதுக்கு முன்னால் பெட்டியை மூடினான். காலையில் எழுந்ததும் அதைத் திறந்து பார்த்துவிட்டு, பல்கூடத் துலக்காமல் ஓடி வந்தான்.

"இருக்குதுங்கப்பா."

அதற்குப் பிறகு தினமும் இதே சேதி. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்குச் சிரிப்பாக வரும். அந்தப் பொய்யை அறிந்தவர்கள் அந்த வீட்டு ஆட்கள் மட்டும்தான்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, அவர் கேம் பெட்டியைத் தண்ணீர் வாளிக்குள் போட்டார். மூன்றாம் வகுப்பிலிருந்து அவன் வளர்த்ததெல்லாம் அதற்குள் இருந்தது. அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கோபம் விடவில்லை.

"செத்துப்போயிரும்னு அப்பவே சொன்னேன்ல?"

பையன் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விடிந்தபோது அவன் இல்லை. செருப்பும் இல்லை.

போலீஸ், பேப்பர் விளம்பரம், கோயில், ஜோசியர் என்று ஒன்றையும் விடவில்லை. சேதி மட்டும் வரவில்லை. கடைசியில் அவனுடைய சிநேகிதன் ஒருவன்தான் இந்தப் புதிர்த் தளத்தைப் போனில் காட்டிக்கொடுத்தான். பிரகதீஷ் எந்த ஊரில் இருந்தாலும் இங்கே வராமல் இருக்க மாட்டான் என்றான். ஆனால் அங்கே அத்தனை பேரும் புனைபெயரில் இருந்தார்கள். எதற்குள் இவன் இருக்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தத் தளத்தில் ஒரு சட்டம். புதிர் போட வேண்டுமென்றால் முதலில் மற்றவர்களின் புதிர்களை அவிழ்த்துக் காட்ட வேண்டும். மழையில் மட்டும் உருமாறுவது எது? மூன்றாம் பாகத்தில் சிறகை இழந்தது எது? கம்பிக்கு விலை சொல்லிக்கொண்டே அவர் படித்தார். சாப்பிடும்போதெல்லாம் மகன் சொல்ல வந்து, 'போய்ப் படிடா' என்று அவர் துரத்திவிட்ட கதைகள் அவை. நல்ல கதைகளாகத்தான் இருந்தன.

இன்னொரு சட்டமும் உண்டு. புதிர் போட்டவர் ஒரு விடையைச் சரி என்று குறிக்கும் வரை அது திறந்தே இருக்கும்.

அவர் குறிக்கவில்லை. பையன்கள் திட்டினார்கள். திட்டட்டும் என்று திறந்தே வைத்திருந்தார்.

இன்று மதியம், மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்குள் நுழைந்த நேரத்தில், ஒரு விடை வந்து விழுந்தது.

'ஒன்பது மணிக்கு மேல விளையாண்டா.'

அவர் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தார். எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. அதையெல்லாம் கேட்கத் தனக்கு வாய் இல்லை என்று நினைத்தார்.

'சாமி, முக்ரால் இருக்குதா?'

பதில் வந்தது.

'இல்லீங்கப்பா. செத்துப்போச்சு.'

அடுத்து அவர் எழுதியது போய்ச் சேரவில்லை. மகனின் புனைபெயரைத் தொட்டுப் பார்த்தார். கணக்கு நீக்கப்பட்டது என்று காட்டியது. விடை மட்டும் அங்கேயே கிடந்தது.

"ஏனுங்க, ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

மனைவி தினமும் கேட்பதுதான்.

"இருக்கான்" என்றார்.

அவள் கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். எங்கே இருக்கிறான், எப்போது வருகிறான் என்று கேட்டாள். மாரியம்மனைக் கும்பிட்டாள். மறுபடியும் எப்போது வருகிறான் என்று கேட்டாள்.

அவர் மகனின் விடையைச் சரி என்று குறித்தார். புதிர் மூடியது.

பையன்கள் பொங்கிவிட்டார்கள். இத்தனை நாள் இழுத்தடித்துவிட்டுத் தப்பான விடைக்கா சரி போடுவது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் கொஞ்சம் மரியாதை தெரிந்தவன்.

'அண்ணா, அது தப்பு. முக்ரால் சாகாது. மயக்கத்துலதான் இருக்கும்.'

அவர் அதை மறுபடி மறுபடி படித்தார்.

அதற்குக் கீழே எழுதினார்.

'எத்தனை நாளைக்குங்க?'