சிங்கமலைச் சுரங்கம்

1956ஆம் ஆண்டு சித்திரை வருஷப்பிறப்பு விடுமுறை. மனைவி வேலாயியையும் தாய் காளியாயியையும் கூட்டிக்கொண்டு கந்தப்பன் அட்டனில் ரயிலேறினான். நுவரெலியாவில் பூந்தோட்டம் பார்த்துவிட்டு மாலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

வேலாயியின் வலது கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது. போன வாரம் கந்தப்பன் விறகுக்கட்டையால் அடித்து முறித்த கை அது.

கரி எஞ்சின் ஊதியதும் அவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

"யாரப் பாத்துடி இளிக்கிற?" முழங்காலில் உதைத்தான் கந்தப்பன். "சிங்கமலைச் சுரங்கம் வரட்டும். இருட்டுல ஒன் பல்ல ஒடைக்கிறேன்."

வேலாயி மாமியாரைப் பார்த்தாள். காளியாயி வழக்கம்போல மடியிலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. பெட்டி இருண்டு புகை சூழ்ந்தது. கந்தப்பன் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. ஓர் அறை விழுந்தது. வேலாயி அலறினாள்.

அடுத்து 'ணங்' என்று ஓர் அடி. மறுபடியும் ஓர் அடி. பிறகு முனகல்.

வெளிச்சம் வந்தபோது கந்தப்பன் தரையில் கிடந்தான். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது.

"கைய ஒடச்சும் திமிரு அடங்கலியாடி?" எழுந்து வேலாயியின் கழுத்தைப் பிடித்தான்.

"அவள விடுடா. அடிச்சது நான்."

காளியாயியின் கையில் நசுங்கிய பித்தளைச் செம்பு இருந்தது.

"ஆத்தா... நீயா?"

"ஒங்கப்பன்கிட்ட இருபது வருசம் அடி வாங்குனேன். அப்ப கேக்க ஆளில்ல." செம்பிலிருந்த ரத்தத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "உக்காருடா. சாயங்காலமும் இதே சுரங்கம் வழியாத்தான் திரும்பணும்."