சுண்டுவிரல்கள்

பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரே ஒருத்தியை இழுத்துவிட்டால் போதும், மைதானம் இனிமேல் பையன்களின் கால்பந்துக்குத்தான். விளையாட்டு ஆசிரியர் ஜெபமணி வைத்த பந்தயம் அது. தாவரவியல் நடத்தும் பிரிசில்லா டீச்சர் பெண்களை வரிசை வரிசையாக முழங்கை கோத்து நிற்கவைத்தார்.

“இப்ப நீங்கதான் செல்லுலோஸ், மரத்த நிமித்தி வெச்சிருக்கிற நாரு. அதுல ஒவ்வொருத்தியும் ஒரு சர்க்கரை மூலக்கூறு. ஒருத்தி கிழக்கப் பாத்தா அடுத்தவ மேற்கப் பாக்கணும். முன்வரிசை, பின்வரிசையோட சுண்டுவிரல மாட்டிக்கோங்க.”

“சுண்டுவிரல் தாங்குமா டீச்சர்?” என்றாள் ஓரத்தில் நின்ற பேச்சிக்கனி.

“ஒண்ணு தாங்காது, எல்லாம் சேந்தா தாங்கும். அந்தப் புளியமரம் பின்ன எதுல நிக்குதாம்?”

பேச்சிக்கனியின் கையில் கயிற்றைக் கொடுத்துப் பையன்கள் இழுத்தார்கள். சிரித்துக்கொண்டே இழுத்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. விசிலைத் துப்பிவிட்டு ஜெபமணியும் வந்து பிடித்தார். குதிகால்கள் மண்ணை உழுதன, அத்தனையும் பையன்களுடையவை. கடைசியில் கயிறு அவர்கள் கையைவிட்டு உருவிக்கொண்டு போனது.

மணி அடித்தது. “ஜெயிச்சாச்சு, விடுங்கடி!” என்று டீச்சர் கத்தினார்.

ஒருத்தியும் விடவில்லை. காற்று வந்தபோது பெண்கள் கூட்டம் முழுக்க அந்தப் புளியமரம்போல ஒன்றாகச் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்தது.