அண்ணன் டிஸ்க், தம்பி டிஸ்க்

செங்கமலத்தின் லேப்டாப்புக்குள் அண்ணன், தம்பி என்று இரண்டு டிஸ்க்குகள் புதிதாகக் குடிவந்தன. அண்ணன் எழுதுவதை அந்த நொடியே தம்பியும் எழுதிக்கொள்ளும்.

"நான் செத்தாலும் இவன் இருக்கான். உனக்கு இனிமே இங்க என்ன வேலை?" என்று மேசையில் கிடந்த பென்டிரைவிடம் அண்ணன் கேட்டது. செங்கமலமும் அதே தைரியத்தில் பென்டிரைவில் நகல் எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் பழைய குப்பைகளை நீக்கும்போது, கைதவறித் தன் ஆய்வேட்டையும் சேர்த்து அழித்துவிட்டாள்.

அண்ணன் பதறவில்லை. "தம்பி, உன்கிட்ட இருக்கும்ல, எடுத்துக் குடு."

"நீ அழிச்சப்பவே நானும் அழிச்சுட்டேண்ணே. ஒரு எழுத்துகூட மிச்சம் வைக்கல," என்றது தம்பி, பெருமையாக.

"எங்கிட்ட முதல் அத்தியாயம் இருக்கு," என்றது பென்டிரைவ். "அதுக்குள்ளதான் நீங்க வந்துட்டீங்களே."